'தி அனிமல்ஸ்' ஏன் இரண்டே ஆண்டில் கலைந்தது?

'தி அனிமல்ஸ்' என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1964ஆம் ஆண்டுக் கோடையில் ஒரே பாட்டைக் கொண்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. 1966 செப்டம்பருக்குள் அந்த ஐவர் அணி இல்லாமல் போயிற்று. இவ்வளவு விரைவான வீழ்ச்சிக்குப் போதைப்பொருளும் உட்பூசலும் காரணமா, அல்லது பீட்டில்ஸின் நிழலில் அவர்கள் மங்கிப்போனார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பிறர் எழுதிய பாட்டை வாங்கித் தம் பாட்டாகவே மாற்றிப் பாடுவதில் அவர்களுக்கு ஈடு சொல்லக்கூடிய பிரிட்டிஷ் குழு அன்று மிகச் சிலவே. ஆனால் அந்தக் காலத்து இசைத்தொழில், பாடியவரைவிட எழுதியவருக்கே நிலையான வருமானத்தைத் தந்தது. பாட்டு எழுதுபவர் இல்லாத அந்தக் குழுவுக்குப் பொதுச் சொத்தாகியிருக்கக்கூடிய ஒரே பாட்டின் உரிமையும் ஐவரில் ஒருவர் பெயருக்குப் போயிற்று. பிறகு நடந்த பெரும்பாலானவற்றை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகாசில்தான் அவர்கள் ஊர். கப்பல் கட்டும் தளங்களும் நிலக்கரியும் பிழைப்புக்கு ஆதாரமாக இருந்த உழைப்பாளர் நகரம் அது. பேஸ் கிட்டார் வாசித்த சாஸ் சாண்ட்லர் அந்தத் தளங்களில் கடைசல் வேலை பார்த்தவர். பாடகர் எரிக் பர்டனும் டிரம்ஸ் வாசித்த ஜான் ஸ்டீலும் நியூகாசில் கலைக்கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். கிட்டார் வாசித்த ஹில்டன் வாலண்டைன் ஆற்றின் கடல்முகத்துக்கு அருகிலுள்ள நார்த் ஷீல்ட்ஸ்காரர். ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ் பக்கத்து டர்ஹாம் மாவட்டத்தில் பிறந்தவர். பிரைஸின் பெயரிலேயே இயங்கிவந்த ரிதம் அண்டு புளூஸ் குழுவில் பர்டன் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தக் குழு 'அனிமல்ஸ்' ஆயிற்று. குழு முதலில் பிரைஸின் குழுவாக இருந்தது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுந்த மனக்கசப்பில் இரு தரப்பின் உணர்வையும் புரிந்துகொள்ள அது உதவும்.

அவர்கள் தேர்ச்சி பெற்ற இடம் பெர்சி தெருவில் இருந்த 'கிளப் அ கோகோ'. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு ஓர் அறை, அதற்குக் கீழானவர்களுக்கு வேறோர் அறை என்று இரண்டு கூடங்களாக நடந்த இரவு மன்றம் அது. நடத்தியவர் மைக் ஜெஃப்ரி. அவரே குழுவுக்கு மேலாளரும் ஆனார். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் புளூஸ் இசையை அந்த மேடையில் இரவுதோறும் வாசித்து வாசித்து அவர்கள் பழகினார்கள். 1963 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஹார்மோனிகாக் கலைஞர் சனி பாய் வில்லியம்சனுக்கு அதே மேடையில் பக்கவாத்தியம் வாசித்தார்கள். அந்தப் பதிவு பிற்காலத்தில் இசைத்தட்டாகவும் வந்தது. அதைக் கேட்டால், லண்டன் அவர்களை உருவாக்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே முழுதாக உருவாகித்தான் லண்டனுக்குப் போனார்கள் என்பது விளங்கும். 1964 தொடக்கத்தில் அவர்கள் தலைநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். மிக்கி மோஸ்ட் என்ற இளம் தயாரிப்பாளர் அவர்களைப் பதிவுசெய்து, பதிவுகளை இ.எம்.ஐ. நிறுவனத்தின் கொலம்பியா முத்திரையில் வெளியிட வழிசெய்தார். முதல் தட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 21ஆம் இடம் வரை போயிற்று. மோசமில்லாத தொடக்கம், அவ்வளவுதான்.

இனி வரும் ஒரு நாளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1964 மே மாதத்தில் அவர்கள் அமெரிக்க ராக் அண்டு ரோல் நட்சத்திரம் சக் பெர்ரியின் பிரிட்டிஷ் சுற்றுப்பயணத்தில் இணைந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். சக் பெர்ரி வரும் மேடையில் எல்லாரும் வேகமான ராக் அண்டு ரோலையே வாசிப்பார்கள், அந்த வேகத்தில் அவரோடு போட்டியிட முடியாது என்று கருதி, மெதுவாக எரியும் ஒரு பாட்டைத் தங்கள் நிகழ்ச்சியின் முடிவில் வைத்தார்கள். அதுதான் 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வீடொன்றில் வாழ்க்கையைத் தொலைத்த ஒருவரின் புலம்பலான இந்த அமெரிக்க நாட்டுப்பாடலை யார் எழுதினார் என்பது எவருக்கும் தெரியாது. பல வடிவங்களில் அதைப் பாடுவது ஒரு பெண். அனிமல்ஸ் அந்தப் பெண்ணை ஓர் ஏழைப் பையனாக மாற்றினார்கள், வானொலியில் ஒலிபரப்ப எந்தத் தடையும் வரவில்லை. பார்வையாளர்களிடம் கிடைத்த வரவேற்பைக் கண்டு அதை உடனே பதிவுசெய்தாக வேண்டும் என்று குழு வற்புறுத்தியது. ஓர் ஊர் நிகழ்ச்சிக்கும் அடுத்த ஊர் நிகழ்ச்சிக்கும் இடையே லண்டனுக்கு ஓடிவந்து, மே 18 அன்று கிங்ஸ்வேயில் இருந்த டி லேன் லீ என்ற சிறு ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரே டேக்கில் பாடி முடித்தார்கள்.

அந்தப் பதிவை நிதானமாகக் கேளுங்கள். முதலில் வாலண்டைனின் மின்கிட்டார் மட்டும் ஒலிக்கிறது. ஏ மைனர், சி, டி, எஃப் என்று ஏறும் கார்டுகளை (சுரக்கூட்டுகளை) ஒரே அடியில் மீட்டாமல், ஒவ்வொரு கார்டையும் தந்தி தந்தியாகப் பிரித்து, ஆறு எண்ணிக்கைச் சுழற்சியில் உருட்டிக்கொண்டே போகிறார். பர்டன் முதலில் தாழ்ந்த குரலில், ஏறக்குறைய பேசுவதுபோலத் தொடங்குகிறார். பாட்டு பாதியை நெருங்கும்போது அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவைத்துக் கத்துகிறார். அந்தக் கத்தலிலும் சுருதி சிறிதும் பிசகுவதில்லை. இடையில் பிரைஸின் வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கன் மேலெழுந்து, கிட்டாரின் உருளலோடு சண்டையிடுவதுபோல் வாசிக்கிறது. சாண்ட்லரும் ஸ்டீலும் முதல் பாதியில் கட்டுப்பட்டு நின்று, பிறகுதான் கனத்தைக் கூட்டுகிறார்கள். ஐந்து பேரில் எவரை எடுத்துவிட்டாலும் இந்தப் பதிவு சரிந்துவிடும். இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யார் என்ற கேள்விதான் பின்னாளில் குழுவைப் பிளந்தது.

பதிவு நாலரை நிமிடம் ஓடியது. மூன்று நிமிடத்துக்குள் முடியாத பாட்டை வானொலிகள் தொடத் தயங்கிய காலம் அது. பிரிட்டனில் முழு நீளத்திலேயே வெளியானது. அமெரிக்காவில் மூன்று நிமிடத்துக்குள் அடங்கும்படி வெட்டி வெளியிட்டார்கள். 1964 ஜூலையில் பிரிட்டிஷ் தரவரிசையில் அது முதலிடத்துக்கு வந்தது. அடுத்த வாரமே ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த இடத்தைப் பிடித்தது, அதற்கடுத்த வாரம் பீட்டில்ஸ் பிடித்தது. செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடத்தை எட்டி மூன்று வாரம் அங்கேயே இருந்தது. பிரிட்டிஷ் இசைக்குழுக்களின் அலை அமெரிக்காவில் அடித்தபோது, பீட்டில்ஸ் பாடாமலும் அவர்கள் எழுதித் தராமலும் அங்கே முதலிடம் கண்ட முதல் ராக் குழு இவர்களே. அதே பாட்டைத் தம் முதல் தொகுப்பில் பாடியிருந்த பாப் டிலன், மக்கள் அனிமல்ஸைப் பார்த்துக் காப்பியடித்ததாகத் தம்மையே குறை சொன்னதால் அதைப் பாடுவதைக் கைவிட்டார் என்றொரு செய்தி உண்டு. டிலனுக்கே அந்த வடிவம் கிடைத்தது டேவ் வான் ராங்க் என்ற நாட்டுப்பாடல் கலைஞரிடமிருந்து என்பதால், இழப்பு வான் ராங்குக்குத்தான் கூடுதல்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஓர் இசைத்தட்டு விற்றால் இரண்டு வெவ்வேறு வாய்க்கால்களில் பணம் பாயும். பாடி வாசித்தவர்களுக்கு ஒப்பந்தப்படி ஒரு பங்கு வரும். அன்று புதிய குழுக்களுக்குக் கிடைத்த இந்தப் பங்கு மிகச் சிறியது; அதையும் தயாரிப்பாளர், மேலாளர், முகவர் எல்லாரும் தொட்ட பிறகு ஐந்தாகப் பிரிக்க வேண்டும். பாட்டை இயற்றியவருக்கும் அவருடைய பதிப்பகத்துக்கும் வருவது இரண்டாவது வாய்க்கால். பிரிட்டனில் அன்று இதன் அளவு சட்டத்தாலேயே நிர்ணயிக்கப்பட்டிருந்தது: சில்லறை விலையில் 6.25 விழுக்காடு. வானொலியில் ஒலித்தாலும், மேடையில் யாராவது பாடினாலும், பத்தாண்டு கழித்து வேறொரு குழு மறுபதிவு செய்தாலும் இந்த வாய்க்காலில்தான் தண்ணீர் வரும். முதல் வாய்க்கால் குழுவின் புகழோடு வற்றிவிடும். இரண்டாவதோ பாட்டு உயிரோடு இருக்கும்வரை ஓடும்.

இயற்றியவர் பெயர் தெரியாத பழம்பாடலுக்கு யார் உரிமை கோருவது? அதைப் புதிய வடிவில் ஏற்பாடு செய்தவர் அந்த ஏற்பாட்டுக்கு உரிமை கோரலாம். தட்டின் நடுவிலுள்ள காகித வட்டத்தில் பாட்டின் பெயருக்குக் கீழே 'மரபுப்பாடல், ஏற்பாடு: ஆலன் பிரைஸ்' என்ற பொருளில் ஒரே ஒரு வரி அச்சாயிற்று. ஐந்து பேரையும் போட அந்தச் சிறு வட்டத்தில் இடமில்லை, யாராவது ஒருவர் பெயரைப் போட்டு வருமானத்தைப் பிறகு பகிர்ந்துகொள்ளலாம் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக மற்றவர்கள் பின்னாட்களில் பேட்டிகளில் சொல்லிவந்தார்கள். பகிர்வு நடக்கவில்லை. அச்சான பெயரே உரிமையாளர் பெயராகக் கொள்ளப்பட்டது. குழு பிரைஸ் தொடங்கிய குழுவிலிருந்து வளர்ந்தது, இசையமைப்பு அறிவிலும் அவர் மற்றவர்களுக்கு மூத்தவர் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் இன்றுவரை உலகெங்கும் கிட்டார் பழகத் தொடங்குவோர் முதலில் வாசித்துப் பார்க்கும் அந்தத் தொடக்கம் வாலண்டைனின் விரலில் பிறந்தது. அதற்கான உரிமைத்தொகையில் அவருக்குப் பங்கில்லை என்பதை என்னால் நியாயமாகப் பார்க்க முடியவில்லை.

ஒரு பாட்டில் ஏமாந்தால் அடுத்த பாட்டை எழுதிச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். மற்றக் குழுக்கள் அதைத்தான் செய்தன. அனிமல்ஸை முதலிடத்திலிருந்து இறக்கிய ஸ்டோன்ஸ் பாட்டும் அமெரிக்கர்கள் எழுதியதுதான். ஆனால் ஸ்டோன்ஸின் மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டம், அந்தக் குழுவின் பாடகர் ஜாகரும் கிட்டார் வாசித்த ரிச்சர்ட்ஸும் தாமே எழுதியாக வேண்டும் என்று விடாமல் நெருக்கினார். அடுத்த ஆண்டிலேயே அவர்கள் பாட்டுகள் இரு நாடுகளிலும் முதலிடத்துக்கு வந்தன. பாட்டு எழுத 'கின்க்ஸ்' குழுவுக்கு ரே டேவிஸ் இருந்தார், 'தி ஹூ' குழுவுக்குப் பீட் டவுன்செண்ட் இருந்தார். அனிமல்ஸில் பர்டனும் பிரைஸும் சேர்ந்து எழுதிய 'ஐ'ம் கிரையிங்' 1964 இலையுதிர்காலத்தில் பிரிட்டனில் 8ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 19ஆம் இடத்தையும் பிடித்தது. திறமை முளைவிட்டதற்கு அதுவே சான்று. அந்த இருவரும் தொடர்ந்து எழுதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் எழுதுவதற்கு இருவரும் ஓரறையில் மனம் ஒத்து உட்கார வேண்டும். முதல் பாட்டின் காசு அதற்கு இடம் வைக்கவில்லை.

தயாரிப்பாளர் மிக்கி மோஸ்டுக்கும் அவர்கள் எழுதுவதில் பெரிய ஆர்வமில்லை. அவருடைய வித்தை வேறு. நியூயார்க்கின் பாடல் பதிப்பகங்களுக்கு நேரில் போய், அங்கே சம்பளத்துக்கு எழுதிய தொழில்முறைப் பாடலாசிரியர்களின் மாதிரிப் பதிவுகளைக் கேட்டு, வெற்றிபெறக்கூடியதைத் தேர்ந்தெடுத்து வருவார். அவருடைய காது பிழையற்றது என்பதை எவரும் மறுக்க முடியாது. நீனா சிமோன் முன்பே பாடியிருந்த 'டோன்ட் லெட் மீ பி மிஸ்அண்டர்ஸ்டூட்' 1965 தொடக்கத்தில் அவர்கள் குரலில் பிரிட்டனில் 3ஆம் இடம் வந்தது. சாம் குக்கின் 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' 7ஆம் இடம் வந்தது. பாரி மேனும் சிந்தியா வைலும் எழுதிய 'வீ காட்டா கெட் அவுட் ஆஃப் திஸ் பிளேஸ்' அந்த ஆண்டுக் கோடையில் 2ஆம் இடம் வரை ஏறி, பீட்டில்ஸின் 'ஹெல்ப்!' மறித்ததால் அங்கேயே நின்றது.

இந்தக் கடைசிப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எழுதியவர்கள் நியூயார்க்காரர்கள். ஆனால் பர்டன் அதைப் பாடும்போது, புகை கவிந்த தொழிற்சாலை நகரத்தில் உழைத்து உழைத்துத் தலைநரைத்துப்போன தந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் டைன்கரை இளைஞனின் பாட்டாகவே அது மாறிவிடுகிறது. சாண்ட்லரின் பேஸ் வரி தனியாகத் தொடங்கி, பாட்டு முழுவதையும் தன் தோளில் சுமக்கிறது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். முகாம்களுக்கு வந்த இசைக்குழுக்களிடம் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். பிறர் பாட்டைப் பாடும் குழு என்றால் இளப்பமாக நினைக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். இது நகல் வேலை இல்லை. பாட்டின் பொருளையே இடம்மாற்றி நட்டுக் காட்டிய கலை. அந்தக் கலைக்கு உரிமைத்தொகைச் சட்டத்தில் இடமில்லாததுதான் அவர்களுடைய கேடு.

இந்தப் பாட்டு வெளியானபோது பிரைஸ் குழுவில் இல்லை. 1965 மே மாதம் அவர் விலகிவிட்டார். விமானப் பயணம் என்றால் தமக்கு அச்சம் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த அச்சம் உண்மையானதுதான், அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஓயாமல் பறந்த குழுவில் அது பெரிய தடைதான். அதே நேரத்தில், குழுவைச் சார்ந்திராத ஒரு வருமானம் அவர் பெயருக்கு வரத் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டிலனின் அந்த ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தைப் படமாக்கிய 'டோன்ட் லுக் பேக்' ஆவணப்படத்தில், விலகிய கையோடு டிலனின் அறைகளில் பிரைஸ் பியானோ வாசித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். தனித்து அவர் நன்றாகவே முன்னேறினார். ராண்டி நியூமனின் பாட்டை முதலில் பிரிட்டிஷ் மக்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் அவரும் ஒருவர். 1974இல் ஜாரோ ஊர்த் தொழிலாளர்களின் பழைய பட்டினி நடைப்பயணத்தைப் பாடி மறுபடி முதல் பத்துக்குள் வந்தார்.

அவர் இடத்துக்கு டேவ் ரோபெரி வந்தார். வாசிப்பில் குறையில்லை. ஆனால் இப்போது குழுவில் எழுதக்கூடிய இணையும் போயிற்று. 1965 முடிவில் பர்டனின் பொறுமை தீர்ந்தது. தங்களை வெற்றிப்பாட்டு அச்சடிக்கும் இயந்திரமாக மோஸ்ட் நடத்துகிறார், தாங்கள் விரும்பும் புளூஸுக்கு நீள்தட்டுகளில் மட்டுமே இடம் தருகிறார் என்பது அவர் குறை. அவர்கள் மோஸ்டை விட்டு விலகி, பிரிட்டனில் டெக்காவுக்கும் அமெரிக்காவில் எம்.ஜி.எம்.முக்கும் போய், டிலனின் பதிவுகளைத் தயாரித்த டாம் வில்சனோடு வேலைசெய்தார்கள். கலை நோக்கில் இந்த முடிவு சரியானதே. 'இன்சைட் லுக்கிங் அவுட்' அவர்கள் பதிவுகளிலேயே மிகவும் கரடுமுரடான, சமரசமற்ற ஒன்று. ஆனால் பிரிட்டனில் அது 12ஆம் இடத்தோடு நின்றது. அடுத்து வந்த 'டோன்ட் பிரிங் மீ டவுன்' 6ஆம் இடம் பிடித்தபோது, அதை எழுதியவர்கள் மறுபடியும் நியூயார்க்கின் ஜெரி காஃபினும் கரோல் கிங்கும்தான். மோஸ்டின் பிடியிலிருந்து தப்பினாலும், வெற்றிக்கு மோஸ்ட் காட்டிய கடைவாசலிலேயே அவர்கள் நிற்க வேண்டியிருந்தது.

இதனிடையே ஸ்டீல் 1966 தொடக்கத்தில் விலகினார், அவருக்குப் பதில் பாரி ஜென்கின்ஸ் வந்தார். மூன்று ஆண்டுகள் ஓய்வின்றி, ஆண்டுக்கு முந்நூறு நிகழ்ச்சிகள் என்று சுற்றியும் கையில் காசு தங்கவில்லை என்று சாண்ட்லர் பிறகு சொன்னதுண்டு. அந்தக் காலத்தில் பிரிட்டனில் உச்ச வருமானத்துக்கான வரி 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. வரியிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி ஜெஃப்ரி பஹாமாஸில் யமெட்டா என்ற நிறுவனத்தை ஏற்படுத்தி வருமானத்தை அங்கே திருப்பினார். அனுப்பிய பணத்தைத் தாங்கள் திரும்பக் காணவில்லை என்பதே குழுவினரின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. ஜெஃப்ரி 1973 மார்ச்சில் பிரான்சின் நாந்த் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதிய விபத்தில் இறந்துவிட்டார். பல கேள்விகளுக்கான விடை அவரோடே போயிற்று.

எனவே உங்கள் கேள்வியில் இருந்த போதைப்பொருளுக்கு நான் தரும் இடம் சிறியது. பர்டன் எல்.எஸ்.டி.யை வெளிப்படையாகவே கொண்டாடினார், அது மறைபொருளே இல்லை. ஆனால் அதன் ஆட்சி அவருடைய அடுத்த அணியின் காலத்துக்கு உரியது. முதல் அணியைக் கலைத்த மனக்கசப்பு அதற்கு இரண்டாண்டு முன்பே, ஓர் அச்சு வரியில் தொடங்கிவிட்டது. பீட்டில்ஸின் நிழல் என்பதிலும் ஒரு திருத்தம் வேண்டும். பீட்டில்ஸோடு இசையில் போட்டியிட்டு இவர்கள் தோற்கவில்லை. ஆனால் ஒரு குழு தன் பாட்டைத் தானே எழுத வேண்டும் என்ற புதிய அளவுகோலை பீட்டில்ஸ் ஏற்படுத்திவிட்டார்கள். அந்த அளவுகோலில் அனிமல்ஸ் ஒவ்வோர் ஆண்டும் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

இந்த நோயை மற்றவர்களுக்கு முன்னே சரியாகக் கண்டுகொண்டவர் சாண்ட்லர்தான் என்பதற்கு, அவர் அடுத்துச் செய்த வேலையே சான்று. 1966 கோடையில், கடைசி அமெரிக்கப் பயணத்தின்போது, நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் கஃபே வா என்ற சிறு கூடத்தில், அப்போது யாரும் அறியாத கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசிப்பதைக் கேட்டார். பேஸ் வாசிப்பதையே நிறுத்திவிட்டு, அந்த செப்டம்பரில் ஹெண்ட்ரிக்ஸை லண்டனுக்கு அழைத்துவந்து, ஜெஃப்ரியோடு சேர்ந்து மேலாண்மையையும் தயாரிப்பையும் ஏற்றார். முதல் தட்டின் முன்பக்கத்துக்கு 'ஹே ஜோ' முடிவாயிற்று. அதை ஹெண்ட்ரிக்ஸ் எழுதவில்லை. பின்பக்கத்துக்கும் வேறொருவர் பாட்டையே போடலாம் என்று ஹெண்ட்ரிக்ஸ் சொன்னபோது, சாண்ட்லர் ஒப்பவில்லை. பின்பக்கப் பாட்டுக்கும் உரிமைத்தொகை உண்டு, ஆகவே நீயே எழுது என்று வற்புறுத்தினார். அப்படி எழுதப்பட்டதுதான் 'ஸ்டோன் ஃப்ரீ', இங்கிலாந்துக்கு வந்தபின் ஹெண்ட்ரிக்ஸ் எழுதிய முதல் பாட்டு. இரண்டு பாட்டுகளும் பதிவானது, இரண்டரை ஆண்டுக்கு முன் ஐவரும் ஒரே டேக்கில் பாடி முடித்த அதே கிங்ஸ்வே கூடத்தில்தான். ஹெண்ட்ரிக்ஸின் எழுத்தாற்றல் எப்படியும் வெளிவந்திருக்கும் என்று வாதிடலாம். ஆனால் முதல் தட்டிலேயே அது வெளிவரக் காரணம், அனிமல்ஸில் பட்டறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தது.

பர்டனின் மறுபிறவியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 'எரிக் பர்டன் அண்டு தி அனிமல்ஸ்' என்ற பெயரில் புதிய ஆட்களோடு கலிஃபோர்னியாவுக்குப் போனார், 1967 மான்டரே இசைவிழாவில் பாடினார், 'சான் ஃபிரான்சிஸ்கன் நைட்ஸ்', 'ஸ்கை பைலட்' போன்ற பாட்டுகளைக் குழுவே எழுதியது. எழுதக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் அது வேறு குழு, வேறு இசை. 1968 இறுதியில் அதுவும் கலைந்தது. பிறகு 'வார்' என்ற லாஸ் ஏஞ்சலிஸ் குழுவோடு சேர்ந்து 1970இல் 'ஸ்பில் தி வைன்' மூலம் அமெரிக்காவில் 3ஆம் இடம் பிடித்தார். மூல ஐவரும் 1968இல் நியூகாசிலில் ஒரு நிகழ்ச்சிக்காகவும், 1970களின் நடுவில் ஒரு தொகுப்புக்காகவும், 1983இல் இன்னொரு தொகுப்புக்கும் உலகப் பயணத்துக்காகவும் ஒன்றுகூடினார்கள். ஒவ்வொரு முறையும் பழைய கணக்குகள் கூடவே வந்தன. 1982இல் 'ரைசிங் சன்' மறுவெளியீடாகி மறுபடி பிரிட்டனில் 11ஆம் இடம் வரை ஏறியபோதும் ஏற்பாட்டாளர் பெயர் மாறவில்லை.

சாண்ட்லர் 1996இலும் வாலண்டைன் 2021இலும் காலமானார்கள். குழுவின் பெயர்கூடச் சண்டைக்குத் தப்பவில்லை. 'தி அனிமல்ஸ்' என்ற வணிகப்பெயரை ஸ்டீல் பிரிட்டனில் தம் பெயருக்குப் பதிவுசெய்துகொள்ள அனுமதி கிடைத்தது. பர்டன் மேல்முறையீடு செய்து 2013இல் வென்றார். 1963இல் ஒரே மேடையில் நின்ற இருவர், ஐம்பது ஆண்டு கழித்து அந்த மேடையின் பெயருக்காக வழக்காடினார்கள்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் மூன்று ஆலோசனைகள் சொல்கிறேன். 'ரைசிங் சன்' பாட்டின் வெட்டப்பட்ட அமெரிக்க வடிவத்தைத் தவிர்த்து, நாலரை நிமிட முழு வடிவத்தையே கேளுங்கள். ஆர்கன் பகுதி முழுதாக இருப்பது அதில்தான். 'வீ காட்டா கெட் அவுட்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெவ்வேறு டேக்குகளாக வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே வரியைப் பர்டன் எப்படி வேறு வேறு கோபத்தோடு பாடுகிறார் என்பது தெரியும். கடைசியாக, சனி பாய் வில்லியம்சனோடு கிளப் அ கோகோவில் வாசித்த பதிவு. ஒலித்தரம் சுமார்தான், ஆனால் உரிமையும் ஒப்பந்தமும் நுழைவதற்கு முன் அந்த ஐவரும் எப்படி ஒலித்தார்கள் என்பதை அறிய அதைவிட நல்ல பதிவு இல்லை.